ஊசி, தண்ணீர், பாத்ரூம் சாவி

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்று முதல் ஊசி. சர்க்கரையையும் எடையையும் குறைக்கிற டிர்செபடைடு, 2.5 மில்லிகிராம், வாரம் ஒருமுறை. மௌஞ்சாரோ என்ற பெயரில் மார்ச்சில்தான் இந்தியாவுக்கு வந்தது. பேனா மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கையில் வந்தது ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பி. விலை 3,500 ரூபாய். அத்தை கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு நாலு வாரம் காய்கறி வாங்கலாமேம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இட்லி மாவுத் தூக்கை நகர்த்தி ஃப்ரிட்ஜில் குப்பிக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

என் நிலவரத்தை எழுதி வைக்கிறேன், பின்னால் ஒப்பிட உதவும். வயது 47. எடை 91. சர்க்கரை எட்டு வருடமாக. மூன்று மாத சராசரி (HbA1c) 9.1 சதவீதம். மாத்திரைகள்: மெட்ஃபார்மின், பிபிக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒன்று. இதில் அந்தத் தயசைடு யூரினை அதிகமாகப் பிரிக்கிற மருந்து. இராத்திரி மூன்று தடவையாவது எழுந்து பாத்ரூம் போவது வழக்கமாகிப் போயிற்று. எடை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இந்த நீர் சமாச்சாரத்தைத்தான் குறித்து வைக்கப் போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

பசி இல்லை. டிபன் பாக்ஸில் பாதி திரும்பி வருகிறது. யூரின் மட்டும் முதல் இரண்டு நாள் கொட்டோ கொட்டென்று போனது. எடையும் சட்டென்று இறங்கியது. இவர் உற்சாகமாகிவிட்டார். அது கொழுப்பு இல்லை என்று நான்தான் அடக்கி வைத்தேன். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் கல்லீரலிலும் தசையிலும் இருக்கிற கிளைக்கோஜனை எடுத்துச் செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் வெளியே போகிறது. இந்த வகை மருந்துகள் சிறுநீரகம் உப்பை விடுகிற அளவையும் ஆரம்பத்தில் கொஞ்சம் கூட்டுகின்றன. உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் கூடவே போகும்.

ஜூன் 20, வெள்ளி

எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கான கழிப்பறை மைதானத்துக்கு அந்தப் பக்கம். சாவி ஒன்றே ஒன்று, அது ஆயாம்மா இடுப்பில். ஆயாம்மா சத்துணவுக் கூடத்தில் இருந்தால் அங்கே போய்க் கேட்க வேண்டும். பேங்குக்குப் போயிருந்தால் அவ்வளவுதான். அதனால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காலையில் காபியோடு சரி, மத்தியானம் சாப்பிடும்போது இரண்டு வாய் தண்ணீர், அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறோம். முன்பெல்லாம் மூன்று மணிக்குத் தொண்டை வறண்டு, யாராவது ஒருத்தர் தாங்க முடியாமல் பாட்டிலைத் திறப்பார்கள். பெரும்பாலும் அது நான்தான்.

இப்போது எனக்குத் தாகமே எடுப்பதில்லை. புரசைவாக்கத்து வெயிலில், மின்விசிறி சுற்றுகிறதா இல்லையா என்று தெரியாத வகுப்பில், நாள் முழுக்கக் கத்தியும் தண்ணீர் ஞாபகம் வரவில்லை. பாட்டில் நிரப்பியபடியே வீட்டுக்கு வருகிறது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. இராத்திரி எழுந்திருப்பதே இல்லை. நேற்று படுத்தவள் காலையில் பால்காரர் மணியடித்துத்தான் எழுந்தேன். போனபோது யூரின் டிக்காஷன் நிறம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பக்கம்தான். சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை. நாளை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 21, சனி

டாக்டர் சொன்னதை மறக்குமுன் எழுதிவிடுகிறேன்.

"ரெண்டும்மா" என்றார். "பாதி நல்லது, பாதி நீங்க தண்ணி குடிக்காதது."

நல்ல பாதி இது: இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்ச முடியாது. மிச்சம் யூரினில் இறங்கும், இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இத்தனை வருடம் இராத்திரி நான் எழுந்ததற்குப் பெரிய காரணம் அதுதான். இப்போது சர்க்கரை 140, 150 என்று இருக்கிறது. இழுக்க ஆளில்லை. அதனால் தூக்கம்.

மற்ற பாதி: இந்த மருந்துகள் மூளையில் பசியை மட்டும் அடக்குவதில்லை, தாகத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். "எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றேன். "நிறத்தைப் பாருங்க. கம்மியாப் போனாலும் வெளிர் மஞ்சளா இருந்தா நல்ல பாதி. கம்மியாவும் கருத்தும் இருந்தா குடிக்கலைன்னு அர்த்தம்."

பஸ்ஸில் வரும்போது வேறொரு கணக்கு மனதில் ஓடியது. நாம் குடிக்கிற தண்ணீர் மட்டுமா தண்ணீர்? வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதன் மேல் சாம்பார், ரசம், மோர். இலையில் கடைசியாக ரசத்தைக் கையில் ஊற்றிக் குடிக்கிற குடும்பம் எங்களுடையது. இப்போது நான் சாப்பிடுவது ஒரு கரண்டி சாதமும் கொஞ்சம் பொரியலும். ரசத்துக்கும் மோருக்கும் வயிற்றில் இடமே இல்லை. சாப்பாட்டோடு சேர்ந்து ஒரு பெரிய சொம்புத் தண்ணீர் தினமும் கணக்கிலிருந்து போய்விட்டது, அதை யாரும் கவனிப்பதில்லை. வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய அறிவுரைகளில் ரொட்டிதான் இருக்கும், ரசம் இருக்காது.

ஜூலை 1, செவ்வாய்

பள்ளிகளில் 'வாட்டர் பெல்' வந்துவிட்டது. 11 மணி, 1 மணி, 3 மணி. மணி அடித்ததும் பிள்ளைகள் பாட்டிலை எடுத்துக் குடிக்க வேண்டும். "குடிங்கடா, குடிங்கடா" என்று நான் நின்று மேற்பார்வை பார்க்கிறேன்.

சரி, நானும் அதே மணிக்குக் குடிக்கிறேன் என்று முடிவு செய்தேன். தாகம் சொல்லாவிட்டால் மணி சொல்லட்டும். மடக் மடக்கென்று ஒரு டம்ளரைக் கவிழ்த்தால் குமட்டுகிறது, இரைப்பை மெதுவாகத்தானே காலியாகிறது. வாய் வாயாக, சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் குடித்தால் நிற்கிறது.

ஆனால் குடித்தால் போக வேண்டும். போனால் சாவி வேண்டும். பெரியம்மையிடம் நேராகப் போய் இரண்டாவது சாவி கேட்டேன். 'பார்க்கலாம்' என்றார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் தலைமையாசிரியைக்குப் பெரியம்மை என்று பெயர், காரணம் கேட்காதீர்கள்.

ஜூலை 6, ஞாயிறு

5 மில்லிகிராம் ஆரம்பம். இந்தக் குப்பி 4,375. அத்தையிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

நேற்று முழுக்க வாந்தி. குடித்த கஞ்சியும் வந்தது. இன்று காலை கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பும்போது கிறுகிறுவென்று வந்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். முதல் பெஞ்சுக் குழந்தை ஓடிவந்து, "மிஸ், உக்காருங்க மிஸ்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டது. அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டேன்.

டாக்டருக்குப் போன். அவர் முதலில் கேட்டது: "கடைசியா எப்ப யூரின் போனீங்க?" காலை ஐந்தரைக்கு, கொஞ்சமாக. அப்போது மணி பன்னிரண்டு. உடனே மெட்ஃபார்மினையும் பிபி மாத்திரையையும் வாந்தி நின்று சாப்பிட ஆரம்பிக்கும் வரை நிறுத்தச் சொன்னார். தலைவலிக்கு வலி மாத்திரை எதுவும் கூடாது என்றார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்டான், தயசைடு, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காதாம். இது எனக்குச் சொன்னது. படிக்கிறவர்கள் அவரவர் டாக்டரைக் கேளுங்கள், என்னைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, எட்டு மணி நேரமாக யூரின் இல்லை, அல்லது மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்கிறது என்றால் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

இவர் மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பொடி வாங்கி வந்தார். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட். "சர்க்கரை இருக்குமே, இவளுக்கு ஆகுமா?" என்று அத்தை தயங்கினார். உப்பை உள்ளே கூட்டிச் செல்லவே அந்தக் குளுக்கோஸ் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஸ்பூன் ஸ்பூனாக அத்தைதான் கொடுத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு யூரின் போனது. வீட்டில் எல்லோரிடமும் அறிவித்தேன்.

ஜூலை 12, சனி

ரிப்போர்ட் வந்தது. யூரின் ரொட்டீனில் 'ஒப்படர்த்தி' என்று ஒரு வரி இருக்கிறது, இத்தனை வருடம் கண் போனதில்லை. 1.005-லிருந்து 1.030 வரை இருக்கலாம். எனக்குச் சரியாக 1.030. கூடினால் யூரின் கெட்டியாகிறது என்று பொருள். கீட்டோன் லேசாக இருக்கிறது, சாப்பிடாததால். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று இரத்தத்தில் காட்டுகிற கிரியாட்டினின் எப்போதும் 0.8, இப்போது 1.1.

பிபி உட்கார்ந்து பார்த்தால் 108, நின்று பார்த்தால் 92. எடை குறைந்தால் பிபியும் குறையும், பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடும். தயசைடை எடுத்துவிட்டார். இனி தனி டெல்மிசார்டான் மட்டும். மருந்து சேர்க்கும்போது எல்லோரும் விழிப்பாக இருக்கிறோம். எடுக்க வேண்டியது எது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

ஜூலை 19, சனி

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் யூரின் பளீர் மஞ்சளாகத்தான் போகும். ரிபோஃபிளேவின் வேலை. அந்த நாளில் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகவும் போகலாம், பயந்து சாகாதீர்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். சாதத்தைக் கண்டாலே முகம் திருப்புகிற வயிறு, கேழ்வரகுக் கூழை ஒரு சொம்பு வாங்கிக்கொண்டது! சின்ன வெங்காயம், மாங்காய்த் துண்டு, உப்புப் போட்டு நீர்க்கக் கரைத்த மோர். உள்ளே போனதில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் குடிக்கிறோம் என்ற சலிப்பே இல்லை. கூழில் மாவுச்சத்து உண்டு என்பதை மறக்கவில்லை, ஆனால் காலை உணவே அதுதான் என்னும்போது என்ன. தினமும் ஒருவேளை நீராகாரமோ கூழோ என்று வைத்துக்கொள்ளப் போகிறேன். மலச்சிக்கலுக்கும் இது கேட்கும் என்று தோன்றுகிறது. வெறும் இசப்கோல் மட்டும் போட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டால் அது உள்ளேயே கட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நீர்க்கடுப்பு. போகும்போது எரிச்சல், போன பத்தே நிமிடத்தில் மறுபடி போக வேண்டும்போல். அத்தை "உடம்புச் சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டு, பார்லி கஞ்சியும் போட்டார். கஞ்சியைக் குடித்தேன், எண்ணெயையும் மறுக்கவில்லை, பாவம். ஆனால் என்ன கிருமி என்று பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு யூரினும் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரைக்காரருக்குக் கிருமி சுலபமாக வரும், அடக்கி வைத்தால் இன்னும் சுலபம். காய்ச்சலோ விலாவில் வலியோ வந்தால் கஞ்சியை நம்பி உட்கார முடியாது.

பெரியம்மையிடம் இந்த முறை நான்கு பேர் சேர்ந்து போனோம். கல்ச்சர் சீட்டை மேசையில் வைத்தேன். சாயங்காலமே சாவி வந்தது. ஸ்டாஃப் ரூம் ஆணியில் மாட்டியிருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருக்கிறார்: இந்த ஊசி கிட்னியைத் தின்றுவிடுமாம். அடியிலேயே அண்ணி, தினம் ஐந்து லிட்டர் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று போட்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதினேன்.

2024-இல் ஃப்ளோ என்று ஓர் ஆய்வு வெளியானது. சர்க்கரை நோயோடு சிறுநீரகக் கோளாறும் இருந்த 3,533 பேர். செமாக்ளூடைடு போட்டவர்களுக்குச் சிறுநீரகம் மோசமாகிற பெரிய ஆபத்துகள் 24 சதவீதம் குறைந்தன. நான் போடுவது அதே மருந்து இல்லை, இனம் ஒன்று. வாந்தி, பேதியால் நீர் வற்றி, அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் அடிபடும் என்பதும் உண்மை, மருந்துச் சீட்டிலேயே போட்டிருக்கிறது. ஆக, பயப்பட வேண்டியது வற்றுவதற்கு. ஐந்து லிட்டரும் வேண்டாம் அண்ணி, அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு டாக்டர் தண்ணீரையே அளந்து கொடுப்பார்.

சித்தப்பா கும்பிடு போட்டார். அண்ணி இன்னும் நீல டிக்கோடு நிற்கிறார்.

அக்டோபர் 18, சனி

எடை 80. மூன்று மாத சராசரி 6.6, கிரியாட்டினின் பழையபடி 0.8. தூக்கம் முழுசு.

இந்த வாரம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. இனிப்புப் பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரை அட்டையில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்காகக் கத்திய விஷயம் இது. நேற்று எட்டாம் வகுப்பில் அதையே விகிதக் கணக்காகக் கொடுத்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. அப்படியானால் 200 மில்லி டப்பாவில் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும்? 2.7 கிராம் என்று கத்தினார்கள். கடையில் வாங்கிய ஒரு டப்பாவைச் சுற்றுக்கு விட்டு, லேபிளில் இருப்பதைப் படித்து எத்தனை மடங்கு என்று வகுக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருத்தன் மட்டும், "மிஸ், கணக்கு முடிஞ்சதும் அதைக் குடிக்கலாமா?" என்றான்.

நாளை மறுநாள் தீபாவளி. லேகியம் உண்டு, அதிரசம் ஒன்றோடு சரி. நவம்பரில் யூரினில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டியது, நான் பார்த்து நாளாயிற்று. 5 மில்லிகிராமிலேயே இருக்கலாமா, 7.5-க்குப் போகலாமா என்பதும் அப்போதுதான் முடிவாகும்.