பூவரசுக் கிண்ணத்தில் தாமரை இதழ்: வி உளியோடு ஒரு மல்லுக்கட்டு

ஒருவழியாக இதழ் வரிசை கிண்ணத்தைச் சுற்றி முடிந்துவிட்டது. 24 இதழ்கள், ஒன்றில்கூட நார் பிய்யவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதழ் ஓரத்தை நகத்தால் தடவினால் எங்கேயும் மாட்டவில்லை. சாண்ட்பேப்பர் கிட்டவே போகவில்லை. செதுக்கிய இடத்தில் சாண்ட்பேப்பர் போட்டால் கூர்மையெல்லாம் போய், குளித்துத் தேய்ந்த சவர்க்காரத்துப் பூ மாதிரி ஆகிவிடும்.

மரம் பூவரசு. தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் காற்றில் சாய்ந்த மரம் ஒன்றின் அடித்துண்டு, விறகாகப் போக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இதை வேலிக்கு நடுவதோடு சரி. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர்; உணவுக் கிண்ணம் செய்வதற்கென்றே தேடி எடுத்திருக்கிறார்கள். அங்குள்ள கோவா (koa) என்ற மரத்தின் கிண்ணத்தில் மரத்தின் சுவை சாப்பாட்டில் இறங்கும், மிலோவில் இறங்காது என்பதுதான் காரணம். உள்மரம் சிவப்புக் கலந்த சொக்லேட் நிறம், நெருக்கமான நார். செதுக்குவதற்கு மகோகனியைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைந்த கதை வழக்கமானதுதான். ஈரத்தோடு தடிப்பாகக் கடைந்து, மெழுகு பூசி, காயவைத்து, கோணியதை மறுபடி வட்டமாக்கியது. கொழும்புக் காற்றில் மரத்தின் ஈரம் 14, 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. குளிர்நாட்டு வீடியோக்களில் 8 சதவீதம் என்று சொல்வதை நம்பிக் காத்திருந்தால் கிழவனாகிவிடுவோம். எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கினேன். வயிற்றுப் பகுதியின் விட்டம் 22 செ.மீ. இதழ் வரும் பட்டையில் மட்டும் சுவரை 12 மி.மீ. விட்டு, மற்ற இடங்களை 7 மி.மீ. ஆக்கினேன். 4 மி.மீ. ஆழம் செதுக்கினாலும் பின்னால் 8 மி.மீ. இருக்கும். பட்டைக்கு மேலும் கீழும் ஒவ்வொரு மணிவரை (உருண்ட மேடு) கடைந்தாயிற்று. உளி தறிகெட்டு ஓடினாலும் அங்கே முட்டி நிற்கும்.

லேத்தின், அதாவது கடைசல் இயந்திரத்தின், பிரிப்புத் தட்டில் (வட்டத்தைச் சம பங்காக நிறுத்தித் தரும் தட்டு) 24 துளை இருப்பதால் 24 இதழ். அழகியல் முடிவு ஒன்றுமில்லை. மேல் விளிம்பில் ஓர் இதழுக்கு 29 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பட்டையின் கீழ் விட்டம் 18 செ.மீ., அங்கே 23.5 மி.மீ. ஆக இதழ் தானாகவே அடியில் ஒடுங்கிவிடுகிறது. கோயில் விக்கிரகத்தின் பத்ம பீடத்தில் இருக்கிற அதே ஒடுக்கம். இதழ்களுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் பின்வரிசை நுனிகள் இரண்டு இதழ்களுக்கு இடையே வர வேண்டும்; அவற்றுக்குத் துளை இல்லை, கவராயத்தால்தான் பிரித்தேன்.

இனி வி உளி. V எழுத்து மாதிரி வாய் உள்ள செதுக்கு உளி; இரண்டு சிறகுக்கும் இடையே 60 டிகிரி, அகலம் 6 மி.மீ., கனடாவில் இருந்து மச்சான் கொண்டுவந்தது. பெட்டியில் இருந்து எடுத்த உடனே வெட்டும் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். இரண்டு தட்டையான சிறகுகளைத் தனித்தனியாகத் தீட்டினால், அவை சேரும் அடிமுனையில் பறவை அலகு மாதிரி ஒரு கொக்கி நீண்டு நிற்கும். சிறகு இரண்டும் உள்ளே சேருமிடம் கூர்க்கோணம் இல்லை, மிகச் சிறிய வளைவு; அதனால் அங்கே உலோகம் கூடுதலாகக் கிடக்கிறது. வெளியேயும் அந்த முதுகை ஒரு குட்டிக் கவுஜ் (குழிவாய் உளி) போல உருட்டித் தீட்டினால்தான் கொக்கி போகும். அளவு மீறி உருட்டினால் அந்த இடத்திலேயே பள்ளம் விழும், சிறகுகள் முந்திக்கொண்டு வெட்டும், அடிமுனை பின்னால் கிழித்துக்கொண்டு வரும். வெளிச்சத்தில் முனையை நேராகப் பிடித்து, வெள்ளைக் கோடு தெரிகிற இடத்தை மட்டும் தொட வேண்டும். கடைசி மெருகுக்குத் தோலில் பச்சைக் கட்டி. செட்டியார் தெருவில் தங்கவேலைக்காரருக்குச் சாமான் விற்கும் கடைகளில் மெருகுக் கட்டி விதம்விதமாகக் கிடைக்கிறது, சின்னத் துண்டாகவும் தருவார்கள். உளி வாங்கப் பழைய சோனகத் தெருவெல்லாம் அலைந்தேன். தச்சு உளி வேண்டிய மட்டும் இருக்கிறது. செதுக்கு உளி கேட்டால் திரும்பவும் அதையே எடுத்து நீட்டுகிறார்கள்.

சரி, உளி கூர். அப்போதும் பிய்கிறது. ஏன்?

மரத்துண்டைப் பலகைபோலக் கிடத்திக் கடைந்த கிண்ணம் என்பதால் நார் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நேராக ஓடுகிறது. வெளிச்சுவரைச் சுற்றி வந்தால் எதிரெதிரே இரண்டு இடத்தில் நாரின் பக்கம் தெரியும், இரண்டு இடத்தில் நாரின் தலை (அறுபட்ட முனை) தெரியும். இடையில் நான்கு சரிவுப் பகுதிகள். பக்க நாரில் இருந்து தலை நாரை நோக்கி உளி போனால் இறக்கம், வெண்ணெய். தலையில் இருந்து பக்கத்துக்குப் போனால் ஏற்றம், பிய்யும். லேத்தில் சுற்றும்போது எதிரெதிரான இரண்டு கால்வட்டங்கள் மட்டும் முரடாக வருவதும் இதனால்தான். லேத் ஒரு பக்கம்தான் சுற்றும். கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நான்கு பகுதியிலும் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிட்டேன்.

அம்புக்குறி பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. வி உளி சாய்வாகப் போகும்போது ஒரு சிறகு நாரோடு போகும், மற்றது நாருக்கு எதிராகப் போகும். எந்தத் திசையில் தள்ளினாலும் ஒரு சுவர் பளபளக்கும், மறு சுவர் பிசிறும். ஆகவே வி உளியால் முழு ஆழம் எடுப்பதை விட்டுவிட்டேன். அது 2 மி.மீ. வாய்க்கால் மட்டும் போடும். பிசிறிய சுவரைத் தட்டையான கவுஜால் எதிர்த்திசையில் இருந்து சீவி எடுக்கிறேன்.

இதழை உருட்டும்போதுதான் உண்மையான வில்லங்கம். நடு முதுகில் இருந்து இரண்டு ஓரத்துக்கும் இறங்கிச் சீவு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பக்க நார் இதழ்களில் அது சரி. தலை நாரில் எப்படிச் சீவினாலும் ஒன்றுதான், கை வலிக்கும், அவ்வளவே. சரிவுப் பகுதியில் இருக்கும் இதழ்களில் இந்த விதி பாதி இதழுக்குத்தான் செல்லும். அங்கே நார் சுவரோடு கிட்டத்தட்ட 45 டிகிரியில் சாய்ந்திருக்கிறது. இதழின் சொந்தச் சரிவு 20, 25 டிகிரிதான். பக்க நாரை நோக்கி இருக்கும் பாதியில் கண்ணுக்கு இறக்கமாகத் தெரிவது நாருக்கு இன்னமும் ஏற்றம். அந்தப் பாதியை மட்டும் பள்ளத்தில் இருந்து முதுகை நோக்கி மேலே சீவ வேண்டும். பள்ளத்தில் உளியை வைத்தால் பக்கத்து இதழில் பிடி முட்டுகிறது. கழுத்து வளைந்த சின்ன உளி ஒன்றை வைத்து, நேரே தள்ளாமல் இதழின் நீளவாக்கில் இழுத்தறுத்தபடி ஏற்றினால் பட்டுப்போல வருகிறது. இந்த ஒரு விஷயத்தை எந்த வீடியோக்காரனும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனையில் தேர் வேலை செய்து ஓய்ந்த சிற்பாசாரியார் ஒருவரிடம் இதைப் பெருமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, “உளியைத் திருப்பாத தம்பி, கிண்ணத்தைத் திருப்பு” என்றார். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஆனால் கிண்ணத்தைத் திருப்பும் யோசனை அருமை. சக்கில் (லேத்தின் பிடிப்பான்) பூட்டியபடியே லேத்தில் வைத்துத்தான் செதுக்குகிறேன். பிரிப்புத் தட்டின் முள் அடி தாங்காது, ஆகவே கொட்டாப்புளி இல்லை, கைத்தள்ளல் மட்டும். மேல்மாடி அன்ரிக்கும் அதுதான் நிம்மதி. வெள்ளவத்தை அடுக்குமாடியில் ஞாயிறு காலை கொட்டாப்புளி தட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சுழல் கருவி வைத்து ஐந்து நிமிடத்தில் முடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. நிமிடத்துக்கு 35,000 சுற்றில் பூவரசு நார் அறுபடாமல் மயிர்போல எழும்பி நிற்கிறது, ஆழமான மூலையில் கருகுகிறது. தூசி வேறு. புறக்கோட்டையில் வாங்கிய பெயரில்லாத மலிவுக் கருவியின் வளையும் தண்டு சூடேறி, பிடிக்கவே முடியவில்லை. பின்னணியில் புள்ளி குத்துவதற்குக்கூட ஆணியை அராவிச் செய்த முளையே மேல்.

பின்வரிசை நுனிகளில் பாதி இன்னும் பாக்கி. சக் பிடிக்கும் அடிப்பாகத்துக் குமிழையும் வெட்டவில்லை. ஆனால் எண்ணெய் பற்றி யோசனை தொடங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் காயாது, கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும், வேண்டாம். தேன்மெழுகு இதழ் இடுக்கில் தங்கி வெள்ளையாகத் தெரியும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, பல்தூரிகையால் இடுக்கைத் துடைப்பதாக உத்தேசம். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்ட பிறகு எறியுங்கள்.

இதற்கிடையில் இடித்த பழைய வீடொன்றின் முதிரை மரக் கதவுநிலைத் துண்டு கைக்கு வந்திருக்கிறது. பொன்னிறம், கல் மாதிரிக் கனம். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், முழுக்கைச் சட்டை கட்டாயம். பலாவும் பார்த்தேன். வெட்ட அனுமதி தேவைப்படும் மரம், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஈரப்பலா, பெண்பனையோடு இருக்கிறது. மொறட்டுவை மரக்கடைகளில் தளபாட வேலையில் மிஞ்சும் துண்டுகளே எனக்குப் போதும்.

முதிரையில் மூடி ஒன்று செய்து, கண்டிப் பக்கத்து எம்பக்கே தேவாலயத்து மரத்தூணில் இருக்கும் பின்னிய அன்னங்களைச் செதுக்க ஆசை. கழுத்துகள் பின்னும் இடத்தில் நாருக்கு எதிராகப் போகாத ஒரு வெட்டுகூட இருக்காது போலிருக்கிறது. 3 மி.மீ. வளைகழுத்து உளி இல்லாமல் தொடங்குவதாக இல்லை. மச்சான் மார்கழியில்தான் வருகிறார்.