303 துவக்கைக் கையில் எடுக்கும் முன்

கோடை விடுமுறைக்குத் திருகோணமலையில் இருந்து ரொறன்ரோ போகிற பிள்ளைகளை, "வாடா, ஒருநாள் சுடுகளத்துக்குப் போவம்" என்று அங்குள்ள மச்சான்மார் கூப்பிடுவது இப்போது புதினமில்லை. அவர்கள் நீட்டுவது அநேகமாக லீ என்ஃபீல்ட் நம்பர் 4. இங்கே பழைய பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய 303 இனம்தான். ரொறன்ரோவுக்குப் பக்கத்து லோங் பிராஞ்ச் ஆலையில் 1941 முதல் ஒன்பது இலட்சம் அளவில் செய்ததால் அங்கே அதற்குச் சொந்த ஊர் மதிப்பு. உரிமம் உள்ளவர் பக்கத்தில் நின்று நேரடியாகப் பார்த்துக்கொண்டால், உரிமம் இல்லாத விருந்தாளியும் கனடாவில் சுடலாம். இங்கே 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குள் அந்த ஆசையெல்லாம் எடுபடாது.

தம்பலகாமத்து வயலில் பன்றி கலைக்க சொட்கன் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பழக்கம் இதற்கு உதவாது. சொட்கன்னில் குழல் வழியே பார்த்துச் சுடுகிறோம். இதில் கண்ணுக்குப் பக்கத்திலுள்ள ஓட்டைக்குள்ளால் முன்குறியைப் பார்க்கவேணும். ஓட்டையைப் பார்க்கவே கூடாது, அதைக் கண் தானாக நடுவாக்கிக்கொள்ளும்.

இந்தத் துவக்கில் வரும் வில்லங்கங்களில் பாதி, ரவையின் அடியில் சுற்றிவர இருக்கும் விளிம்பால் வருவது. மகசினுக்குள், அதாவது ரவைகளை அடுக்கும் பெட்டிக்குள், மேலே இருக்கும் ரவையின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்கவேணும். பின்னால் விழுந்துவிட்டால், ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டான போல்ட், மேலே உள்ள ரவையைத் தள்ளும்போது அது கீழ் ரவையையும் இழுத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். அப்போது போல்ட்டை உள்ளங்கையால் குத்துகிறவர்கள் உண்டு. பலனில்லை. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, மகசினைக் கழற்றி, முழுவதையும் வெளியே கொட்டி, திரும்ப அடுக்குவதுதான் வழி. ஒவ்வொன்றாகப் போடும்போது, போட்டதை மகசினின் பின்சுவரோடு ஒட்டத் தள்ளி, அடுத்ததை அதற்குச் சற்று முன்னால் வைத்து அமத்துங்கள். ஐந்து ரவை பிடிக்கும் சார்ஜர் கிளிப்பில் விளிம்புகளைக் கீழ், மேல், கீழ், மேல், கீழ் என்று கோர்த்தால் எந்தப் பக்கத்தால் செருகினாலும் ஒழுங்கு ஒன்றுதான். கட்டைவிரல் ரவையின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும், கூரில் அல்ல. தயங்காமல் ஒரே அமத்தலில் ஐந்தும் இறங்கும். மகசின் பத்துப் பிடிக்கும், ஆகவே இரண்டு கிளிப். வெறும் கிளிப்பை போல்ட்டே முன்னால் போகும்போது தட்டி எறிந்துவிடும்.

அதே விளிம்புதான் ஹெட்ஸ்பேஸையும் தீர்மானிக்கிறது. பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் நடுவில் அந்த விளிம்புக்கு இருக்கும் இடைவெளி அது. 0.064 அங்குல அளவுகோலில் போல்ட் பூட்டவேணும், 0.074 இல் பூட்டக்கூடாது. இடைவெளி கூடினால் ரவையின் பித்தளைக் கோது ஒவ்வொரு வெடிக்கும் இழுபட்டு, ஒருநாள் அடியோடு அறும். முன்பாதி குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அளவுகோல் இல்லையென்றால் சுட்ட கோதைப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலே சுற்றிவர மினுங்கும் வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உட்சுவரில் இழுக்க, ஒரு பள்ளத்தில் தட்டுப்பட்டால் சந்தேகம் தீர்ந்தது, அந்தத் துவக்கை அன்றைக்கு மூடிவையுங்கள். நம்பர் 4 இல் போல்ட்டின் தலை தனித் துண்டு. 0 முதல் 3 வரை இலக்கமிட்டு, இலக்கம் கூடக் கூட நீளமாகச் செய்தார்கள். ஆனாலும் இலக்கத்தை மட்டும் நம்பி மாற்றக்கூடாது. ஒன்றின் 2, இன்னொன்றின் 1 ஐ விடக் குட்டையாகவும் இருக்கும். போல்ட்டில் வெட்டியிருக்கும் தொடர் இலக்கமும் உடலில் உள்ளதும் ஒன்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோங் பிராஞ்ச் துவக்குகள் பெரும்பாலும் நம்பர் 4 இன் மார்க் 1 ஸ்டார் என்ற வகை. போல்ட் தலையைக் கழற்றுவதற்காக, அது ஓடும் தண்டவாளத்தின் முன்பக்கத்தில் சிறு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் மூலை காலப்போக்கில் உடைந்து தேயும். பிறகு போல்ட்டை வேகமாக இழுக்கும்போது தலை தடம் விட்டுத் துள்ளும். வாங்கப் போகிற மச்சானுக்கு முதலில் காட்டவேண்டிய இடம் இதுதான், மரத்தின் பளபளப்பு அல்ல.

சுடுவதில் அதிகம் சொல்ல இல்லை. போல்ட்டை மூடும் கடைசிப் பகுதியில்தான் ஸ்பிரிங் ஏறும், பாதியில் நிறுத்தாதீர்கள். விசை இரண்டு கட்டம்: முதலில் இளகி வரும், ஓரிடத்தில் தட்டி நிற்கும், அங்கிருந்து மெதுவாக அமத்துங்கள். சோங்கு, அதாவது துவக்கின் பின்பக்க மரக்கட்டை, தோளோடு இறுக இருக்கட்டும். சோங்கு குட்டையாகவும் வரும். S, B என்ற அடையாளம் உள்ளவை கை குட்டையானவர்களுக்கு நல்லது. மடக்கும் பின்குறியில் 300, 600 யார் (கஜம்) என்ற இரண்டே இருக்கும். 100 யாரில் 300 ஐ வைத்துச் சுட்டால் அரைச் சாணுக்கு மேலாக உயரப் படும், துவக்கில் பிழையில்லை. உயரத்தைக் குறைக்க உயரமான முன்குறி போடவேணும். இடப்பக்கம் பட்டால் முன்குறியையும் இடப்பக்கமே தள்ளவேணும்.

"டிக்" என்று மட்டும் கேட்டால் துவக்கின் வாய் இலக்கை விட்டு அசையாமல் குறைந்தது அரை நிமிடம் பிடித்திருங்கள். பழைய ரவை பிந்தியும் வெடிக்கும். வழமைக்கு மாறாக மெல்லிய சத்தம் வந்தால் அடுத்ததைப் போடாமல், போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இனிக் கழுவுதல். பழைய இராணுவ ரவையின் பிறைமரில், அதாவது அடியில் முதலில் தீப்பற்றும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைட் என்ற உப்பாகக் குழலில் படியும், காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். கடலுக்குப் போய்வந்த அவுட்போர்ட் மோட்டாரை ஏன் நல்ல தண்ணியில் ஓட்டிக் கழுவுகிறோமோ அதே காரணம். போல்ட்டைக் கழற்றி, வாயைக் கீழே சாய்த்து, ரவை நுழையும் பக்கத்தால் குழாய் பொருத்திய புனலில் இரண்டு மூன்று லீற்றர் கொதிநீர் ஊற்றுங்கள். மரத்துக்கும் குழலுக்கும் இடையில் தண்ணீர் இறங்க விடாதீர்கள். குழல் சுட்டுப்போவதால் ஈரம் தானே காயும். சோங்கின் அடியிலுள்ள பித்தளை மூடிக்குள் இழுகயிறும் எண்ணெய்ப் போத்தலும் இருக்கும். கயிற்றின் கண்ணில் நான்குக்கு இரண்டு அங்குலப் பிளனல் துண்டைக் கோர்த்து, பின்பக்கத்தால் விட்டு வாய்ப்பக்கமாக இழுங்கள். துணி வெள்ளையாக வந்தபின் எண்ணெய்த் துணி ஒரு தடவை. போல்ட்டின் முகத்தையும் மறக்காமல் கழுவித் துடையுங்கள், அங்கேயும் அதே உப்புத்தான். அடுத்தநாள் இன்னொரு துண்டு இழுத்துப் பார்க்க, மண்ணிறமாக வந்தால் முதலில் இருந்து திரும்பச் செய்யவேணும். சேர்பியாவின் பிறிவி பார்ட்டிசான் ஆலை செய்வது போன்ற புது ரவைகளுக்கு இந்தக் கொதிநீர் வேலை இல்லை.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முன்னர் சோப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயத் தூசு விரலில் இருக்கும். ஞாபகத்துக்கென்று கோது ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டாம். வெற்றுக் கோதுக்கும் கட்டுநாயக்கவில் நின்று விளக்கம் சொல்லவேண்டி வரும், அதற்குப் பிறகும் திருகோணமலை வரை வீதி இருக்கிறது. படம் எடுத்துவிட்டுக் கோதை மச்சானிடம் கொடுங்கள், அவர் மருந்து நிரப்பித் திரும்பச் சுடுவார்.