அஞ்சு லட்சம் கார்டு இருந்தும் எங்களுக்கு ஆன செலவு

போன வருஷம் ஆடி மாசம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. வாயுன்னு சொல்லி ரெண்டு நாள் இஞ்சியும் சோடாவுமா ஓட்டிட்டாரு, மூணாவது நாள் வேர்த்துக் கொட்டுனதும்தான் கோவில்பட்டில இருந்து திருநெல்வேலிக்குக் கார் பிடிச்சு ஓடுனோம். கார் ஓட்டுன தம்பி கூட "முதலமைச்சர் காப்பீடு இருக்குல்ல அண்ணே, அஞ்சு லட்சம் ஃப்ரீ, எதுக்கு பயப்படுறீங்க"ன்னு தெம்பு சொல்லிட்டே வந்தான். எனக்கும் அந்த நம்பிக்கைதான்.

அப்பா பீரோல ஒரு பழைய கவர் இருக்கு. 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்தப்ப எடுத்த கார்டு அதுல. அப்ப ஒரு லட்சம். 2011ல ஆட்சி மாறுனதும் அது போச்சு, 2012 ஜனவரில ஜெயலலிதா அம்மா முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம்னு புதுசா ஆரம்பிச்சாங்க, 2018ல மோடியோட ஆயுஷ்மான் பாரத்ங்கிற மத்திய அரசு காப்பீடும் இதோட சேர்ந்து அஞ்சு லட்சம் ஆச்சு. இதெல்லாம் டிவில பாத்ததுதான், நாங்க புது கார்டு எடுக்கவே இல்ல, அது எங்க தப்பு. 2024 அக்டோபர்ல 70 வயசு ஆனவங்களுக்கு அந்தக் காப்பீட்டுக்கு வருமானமே பாக்க மாட்டோம்னு மத்திய அரசு சொன்னப்ப அப்பா சந்தோஷப்பட்டாரு, ஆனா அவருக்கு 68. ரெண்டு வருஷம் முந்தியே நெஞ்சு வலிச்சுருச்சு.

தனியார் ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணதும் ஆஞ்சியோகிராம், இதய ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்குற டெஸ்ட். கார்டு இல்லாததால கையில இருந்து 18,000. அப்புறம் கார்டு கிடைச்சா திருப்பித் தருவீங்களான்னு கேட்டேன், கவுண்டர்ல இருந்தவரு என்னைப் பாத்த பார்வைலயே பதில் தெரிஞ்சிருச்சு. ரெண்டு அடைப்பு, ஸ்டென்ட் (குழாய விரிச்சு வைக்கிற சின்ன கம்பி வலை) வைக்கணும்னு டாக்டர் சொன்னாரு, ஆள் இப்ப ஓகே, நாலஞ்சு நாள் டைம் இருக்கு, அதுக்குள்ள கார்டு எடுத்துட்டு வாங்கன்னாங்க.

அங்கதான் ஓட்டம் ஆரம்பம். வருமானச் சான்றிதழ் வேணும், வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், அதாவது மாசம் பத்தாயிரம். முன்னாடி 72,000ன்னு வச்சிருந்தாங்க, அப்ப எங்க தெருவுல எவர் சர்டிபிகேட்ட பாத்தாலும் 72,000தான் இருக்கும், சொந்த வீடு வச்சிருக்கிறவர்ல இருந்து கூலிக்குப் போறவர் வரைக்கும். இ-சேவைல அப்ளை பண்ணிட்டு விஏஓவப் பாக்கப் போனா அவரு ஜமாபந்தி பைல்ல, அதாவது வருஷாந்திர நிலக் கணக்குல மூழ்கி இருக்காரு, அண்ணாச்சி அப்பா ஐசியூல இருக்காருன்னு சொன்னதும் மனுஷன் அன்னைக்கே ஒப்புதல் கொடுத்தாரு, அவருக்கு நன்றி. அப்புறம் அம்மாவக் கூட்டிக்கிட்டு ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரி லெட்டரோட தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ். அங்க காப்பீட்டு கவுண்டர்ல ரேஷன் கார்டுல அப்பா இனிஷியல் முன்னாடி இருக்கு, ஆதார்ல பின்னாடி இருக்குன்னு ஒரு மணி நேரம். கடைசில ஒரு வெள்ளைப் பேப்பர்ல நம்பர் பிரிண்ட் போட்டுக் குடுத்தாங்க. அதுதான் கார்டு.

இனி எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில இந்தத் திட்டத்துக்குன்னே ஒருத்தர் உக்காந்திருப்பாரு, அவரு ரிப்போர்ட் எல்லாம் ஏத்தி அப்ரூவலுக்கு அனுப்பினாரு, ஒரு தடவ கேள்வி கேட்டுத் திரும்பி வந்துச்சு, மறுபடி அனுப்பி அடுத்த நாள் சாயங்காலம் ஓகே ஆச்சு. அப்பதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. அஞ்சு லட்சம்ங்கிறது மொத்தக் குடும்பத்துக்கும் வருஷத்துக்கு உச்சவரம்பு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனியா ஒரு பேக்கேஜ் ரேட், இதுக்கு இவ்வளவுதான்னு முன்னாடியே முடிவு பண்ண தொகை இருக்கு, அப்பாவுக்கு அப்ரூவ் ஆனது அதுதான், அஞ்சு லட்சத்துக்குப் பக்கத்துல கூட இல்ல. போஸ்டர்ல போடுறது உச்சவரம்பு, நமக்குக் கிடைக்கிறது பேக்கேஜ். எந்த மேடையிலயும் இத யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அன்னைக்கு ராத்திரி அந்தத் திட்டத்துக்குன்னு உக்காந்திருந்தவரு என்னைத் தனியா கூப்பிட்டு "திட்டத்துல வர்ற ஸ்டென்ட் சாதாரணம் தம்பி, நல்ல கம்பெனி வேணும்னா 35,000 கட்டணும்"னாரு. 2017லயே ஸ்டென்ட்டுக்கு அரசாங்கம் விலை உச்சவரம்பு வச்சாச்சு, மருந்து பூசுன ஸ்டென்ட்டே 30,000க்குக் கீழன்னு அப்ப பேப்பர்ல படிச்சது ஞாபகம் இருந்துச்சு. திட்டத்துல வந்தா பேஷண்ட்கிட்ட காசே வாங்கக்கூடாதே சார்னு மெதுவா சொன்னேன். அவரு கோபப்படல. "தாராளமா கம்ப்ளைன்ட் பண்ணுங்க தம்பி, ஆனா நாளைக்கு லிஸ்ட் ஃபுல்லு, அடுத்த டேட் எப்பன்னு பாத்துதான் சொல்லணும்"னாரு. அப்பாவ திருநெல்வேலிலயே இருக்கிற ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மாத்திரலாமான்னு அக்காகிட்ட கேட்டேன், அங்கயும் இதே திட்டம்தான், காசும் கேக்க மாட்டாங்க, ஆனா அடைப்போட இருக்கிற மனுஷனத் திரும்ப ஆம்புலன்ஸ்ல ஏத்த அம்மா சம்மதிக்கல. அக்கா வளையல அடகு வச்சு கட்டுனோம், ரசீதுல "இதர"ன்னு போட்டுக் குடுத்தாங்க.

நல்லபடியா முடிஞ்சுது, அதுல குறையே இல்ல, டாக்டரும் நர்சுங்களும் தங்கமானவங்க. கார்டு இல்லன்னா ஒன்றரை லட்சத்துக்கு மேல ஆயிருக்கும்னு அங்கயே சொன்னாங்க. மாத்திரை மட்டும் வெளிய வாங்குறோம், மாசம் ரெண்டாயிரம் கிட்ட, அதுக்குக் கார்டுல எங்களுக்கு எதுவும் கிடைக்கல.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு ஃபார்ம் நீட்டுனாங்க, சிகிச்சை இலவசம், பணம் எதுவும் வாங்கலன்னு. அப்பா கண்ணாடி போடாம கையெழுத்துப் போட்டாரு. பத்து நாள் கழிச்சு ஒரு பொண்ணு போன் பண்ணி "ஐயா, ஆஸ்பத்திரில காசு ஏதும் கேட்டாங்களா"ன்னு விசாரிச்சுது. ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அப்பா என்னை ஒரு தடவ பாத்துட்டு "இல்லம்மா, ஒண்ணும் கேக்கல"ன்னுட்டாரு. ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். "வர்ற வியாழக்கிழமை அங்கதானடா ரிவ்யூக்குப் போகணும்"ன்னாரு.