மதுரையை நீக்கிக் கொடுங்க

வாட்ஸ்அப்பில் வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, மீனாட்சி கோயிலுக்குள்ள போட்டோ எடுக்க முடியுமா?" முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு செல்போனையே வெளியில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேமராவுக்கு ஏது வழி? இதைச் சொன்னதும் பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள். மீதிப் பேர், "அப்ப வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அந்த மீதிப் பேரால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

மதுரை பார்க்க வருகிறவர்களை ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் கூட்டிக்கொண்டு சுற்றி, இடத்தின் கதையைச் சொல்லி, நடுநடுவே அவர்களைப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். பத்து வருடம் கல்யாண வீடுகளில் கேமரா தூக்கிவிட்டு இதற்கு வந்தேன். அதற்கும் முன்னால், மாசி வீதிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடி. அங்கே மாஸ்டர் ஒருவர் இருந்தார். நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தின் மேல் தொட்டுத் தொட்டு வைப்பார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். அம்மைத் தழும்பு, கருவளையம், கன்னத்துக் குழி எல்லாம் போய்விடும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படமென்றால் இன்னும் அரை மணி நேரம் கூட உட்காருவார். டச்சப் என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

இப்போது பென்சில் இல்லை, கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற லைட்ரூம் இருக்கிறது. கேட்கிறவர்களின் ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது, பட்டியல்தான் நீண்டுவிட்டது. பின்னால் தெரிகிற கரண்டு ஒயரை எடுத்துவிடுங்கள். அந்த ஆட்டோவை எடுத்துவிடுங்கள். பூ விற்கிற அம்மா குறுக்கே வந்துவிட்டார், அவரையும். வயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். அப்புறம், கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கலரைக் கொஞ்சம் ஏத்திக் கொடுங்கண்ணே." பஸ்ஸும் ரயிலும் ஏறி மதுரைக்கு வந்து, மதுரையில் நின்று எடுத்த படத்திலிருந்து மதுரையை நீக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று ஒருநாள் வீட்டில் புலம்பினேன். "காசு கொடுக்கிறாங்கள்ல, நீக்குங்க" என்றாள் மனைவி.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. மதுரை பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய பத்து டிகிரி வடக்கே இருக்கிற ஊர். இங்கே சூரியன் சாய்வாக எழும்பாது, ஏணி வைத்த மாதிரி நேரே ஏறும். விடிந்து அரை மணி நேரம்தான் அந்த மஞ்சள் வெயில். எட்டு மணிக்கெல்லாம் கண்ணுக்குக் கீழே நிழல் விழ ஆரம்பித்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "டிபன் சாப்பிட்டுட்டுப் பத்து மணிக்கு வர்றோம்" என்பார்கள். கோபுரம் பின்னால் தெரிய வேண்டுமென்றால் காலையில் கீழ சித்திரை வீதி, மாலையில் மேல சித்திரை வீதி. மாற்றிப் போனால் கோபுரம் கரிக்கட்டையாக நிற்கும். கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போவதென்றால் ஆறே காலுக்குத் தாமரைக் குளத்தங்கரையில் இருக்க வேண்டும், குரங்குகள் எழுந்து வருவதற்குள் பையை மூடிவிட வேண்டும்.

இந்தக் கணக்குக்கு விதிவிலக்கு திருமலை நாயக்கர் மகால். அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். புதிதாக வந்த காலத்தில், இந்த வெயிலில் என்ன எடுப்பது என்று எரிச்சலாக இருக்கும். பிறகுதான் புரிந்தது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை. முற்றத்தில் விழுகிற வெயில் தரையில் பட்டு, எதிர்ச் சுவரின் வெளிர் மஞ்சளில் பட்டுத் திரும்பி, தூண்களுக்கு உள்ளே மெத்தென்று வந்து சேரும். கல்யாண வீட்டில் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்பானே, அந்தப் பையனின் வேலையை இங்கே அரண்மனையே செய்கிறது. நிழல் முடிகிற கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நிறுத்தினால் போதும். அந்த இடத்துக்கு நான் வைத்திருக்கிற பெயர் திண்ணை.

சிரமம் வேறொன்றில் இருக்கிறது. அந்தத் தூணை ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். தூண் முழுக்க வேண்டுமென்றால் ஆள் எறும்பாகிவிடுவார். முகம் வேண்டுமென்றால் தூண் வெறும் சுவராகிவிடும். "தூணா, முகமா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறேன். "ரெண்டும்" என்பார்கள். சரி, அரைமணி நேரம் தூண், ஒரு மணி நேரம் முகம்.

போன தை மாதம் ஒரு பெண் தன் அம்மாவுக்காகப் பதிவு செய்திருந்தார். அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது, நல்ல கறுப்பு, அரக்கு நிறத்தில் சுங்குடிச் சேலை. வந்ததும் வராததுமாக, மகள் டிக்கெட் எடுக்கப் போன நேரம் பார்த்து என்னிடம், "தம்பி, கொஞ்சம் கலரா விழுகுற மாதிரி எடுங்க. எந்தப் போட்டோவுலயும் எனக்குக் கண்ணும் பல்லும்தான் தெரியும்" என்றார்.

முன்பென்றால் சரிம்மா என்று தலையாட்டிவிட்டு ராத்திரி கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அந்தக் கடைசி வரி உறைத்தது. அவர் சொன்னதில் ஆசையைவிடப் புகார்தான் அதிகம், அந்தப் புகாரும் நியாயமானது. கேமரா வெளிச்சத்தை அளக்கும்போது, எதிரே வெளிர் சுவரும் வெள்ளைத் தூணுமாக இருந்தால், "அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா" என்று தானாகவே குறைத்துக்கொள்ளும். சுவர் அளவாக வரும், முகம் இருட்டில் போய்விடும். வெளுத்த முகம் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். கறுத்த முகத்தில் கன்னம் எது, தாடை எது என்றே தெரியாமல் போகும். வெள்ளைத் திரை, வெள்ளைச் சட்டை மாப்பிள்ளை, வெள்ளை அடித்த கல்யாண மண்டபம் என்று அந்த அம்மாவை ஆயுசு முழுக்க யார் யாரோ சுவருக்கு அளந்து எடுத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தன்தான், எத்தனை கல்யாணத்தில் எத்தனை அம்மாக்களை அப்படி எடுத்தேனோ.

அவரைத் திண்ணையில் நிறுத்தி, பின்னால் நிழலில் இருக்கிற தூண் வருகிற மாதிரிப் பார்த்து, முகத்துக்கு மட்டும் அளந்து எடுத்தேன். எடிட்டிங் எதுவும் இல்லை. கேமராவின் பின்திரையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க வீட்டுக் கண்ணாடியில இப்படித்தாம்ப்பா இருப்பேன். போட்டோவுலதான் கருத்துப் போவேன்."

மகள் திரும்பி வந்தபோது அம்மா தானாகவே தூணில் சாய்ந்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து மேலே இருந்து ஒரு புறா மகளின் பட்டுச் சேலைத் தோளில் தன் பங்கைப் போட்டது. மகால் புறாக்களுக்கு நான் பொறுப்பில்லை என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது வழக்கம், யாரும் நம்புவதில்லை. ஈரத் துடைப்பான் பாக்கெட்டும் ஒரு துப்பட்டாவும் என் பையில் எப்போதும் இருக்கும். அன்றைய படங்களில் அந்தப் பெண் துப்பட்டா போர்த்திக்கொண்டு சிரிக்கிறார், அம்மா அவரைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரிக்கிறார்.

இந்த இடத்தில், பதிவு செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. யாரிடம் எடுத்தாலும் சரி, விலையைக் கேட்கும் முன்னால், எத்தனை படம் திருத்திக் கொடுப்பீர்கள், எத்தனை நாளில், நுழைவுச் சீட்டும் கேமரா சீட்டும் யார் செலவு, மழை வந்தால் என்ன என்று கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது வெட்டிக் கேள்வி இல்லை. எதை நீக்க வேண்டும், எதை நீக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். இதை மட்டும் யாருமே சொல்வதில்லை. மகாலுக்கு வெள்ளை உடை வேண்டாம், தூணோடு கரைந்துவிடுவீர்கள். மூன்று செட் துணி கொண்டுவராதீர்கள், மாற்றுவதற்கு இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. மல்லிகை வைப்பதில்கூடக் கணக்கு இருக்கிறது. விடியற்காலையில் பறித்த மொட்டு காலைப் படத்தில் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். அதே சரம் சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போகும்போது விரிந்து கொண்டை நிறைந்திருக்கும். மார்கழி, தையில் பூ விலையைக் கேட்டால் தலை சுற்றும், ஒரு முழம் போதும் என்று சொல்லிவிடுவேன்.

கதை சொல்வதிலும் நான் டச்சப் செய்துகொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மகாலிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை, அதில் ராஜா குதிரையில் போவார் என்று ஆரம்பித்தால் குழந்தைகள் வாயைப் பிளக்கும், அந்த முகம் படத்துக்கு நன்றாக இருக்கும். ஒருநாள் வரலாற்று ஆசிரியை ஒருவர் கேட்டுக்கொண்டே வந்துவிட்டு, "தம்பி, எந்தக் கல்வெட்டுல பார்த்தீங்க?" என்றார். அதோடு விட்டேன். இப்போது சொல்வது எளிமையானது. 1636 வாக்கில் திருமலை நாயக்கர் கட்டியதில் நாம் நிற்பது ஒரு பகுதிதான். மீதி இடிந்தும் பிரிக்கப்பட்டும் போய்விட்டது. இந்த மிச்சமும் பாழாய்க் கிடந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பூசியிருக்கிறார்கள். அரண்மனைக்கே டச்சப் நடந்திருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள்.

பூசப் பூசக் கிறுக்கலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் தூண்களில் பெயர்கள். இதயம், அம்பு, இனிஷியல். சாவியால், பேனாவால், ஊக்கால். கிறுக்குகிற பையன்களைப் பார்த்தால் சத்தம் போடுவேன், அவர்கள் அங்கிட்டுப் போய் அடுத்த தூணில் கிறுக்குவார்கள். என் படங்களில் அந்தப் பெயர்களை அழிப்பது எழுதாத விதி. ஒரு தூணுக்கு இருபது நிமிடம் ஆகும். எவனுடைய காதலையோ ராத்திரி பதினொரு மணிக்கு நான் ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டிருப்பேன்.

சென்ற ஆவணியில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் வடக்கே வேலை பார்த்து ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர், கல்லூரிப் படிப்பு மதுரையில். மனைவிக்கு இந்த ஊர் புதிது. திண்ணையில் நிறுத்தி நல்ல படங்களாகப் பத்துப் பதினைந்து எடுத்திருப்பேன். அப்போது அவர், "தம்பி, இங்கிட்டு வாங்க, இந்தத் தூண்கிட்ட ஒண்ணு" என்றார். மூலையில் இருக்கிற தூண், வெளிச்சம் சரியில்லை. சொன்னேன். "பரவாயில்ல, எடுங்க" என்று தனியாகப் போய் நின்றார். சாயவில்லை, கையைத் தூணின் மேல் வைத்துக்கொண்டார். எடுத்தேன்.

வழக்கம் போல இருபது நிமிடம் உட்கார்ந்து தூணைப் பளிங்கு மாதிரி ஆக்கி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"தம்பி, அந்தத் தூண்ல எழுத்து இருந்துச்சே, எங்க போச்சு?"

"அழிச்சிட்டேன் சார். அசிங்கமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் பேச்சில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது. பிறகு, "அழிக்காதது வச்சிருக்கீங்களா?" என்றார்.

ஒரிஜினலை அனுப்பும் முன்னால் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய கிறுக்கல் இத்தனை பூச்சுக்குப் பிறகு இருக்க வாய்ப்பே இல்லை, அவருக்கும் அது தெரியாமல் இருக்காது. அவர் கை வைத்திருந்த இடத்தைச் சுற்றி ஒன்பது பெயர்கள் இருந்தன. அவர் பெயர் இல்லை. மனைவியின் பெயரும் இல்லை. அனுப்பினேன். பதினாறுக்கு இருபது அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டுக் கூரியரில் விடச் சொன்னார். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார். கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கொடுத்தேன்.