எட்டுக் கதவு

பிப்ரவரி 3
லாயத்துக்குக் கதவு எட்டு, முன்கம்பிச் சட்டம் எட்டு. பந்தயம் தொடங்குவதற்குள் வேண்டுமாம். இந்த மொரீஷியஸில், ஷாம்ப் தெ மார்ஸ் பந்தயத் திடலில் 1812-லிருந்து குதிரை ஓடுகிறது. இந்த எட்டுக் கதவுக்காகவா நிற்கப்போகிறது? முதலாளியிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 5
வரைபடத்தில் கம்பிக்குக் கம்பி நாலு அங்குலம். படுத்துப் புரண்டு உதைக்கிற குதிரைக்குக் குளம்பு சாய்வாக நுழைந்துவிடும், திரும்ப வராது. இரண்டு அங்குலம் ஆக்கினேன். கம்பிச் செலவு கூடியதில் முதலாளி மத்தியானம் வரை பேசவில்லை.

பிப்ரவரி 6
ஊரிலிருந்து போன் இல்லை.

பிப்ரவரி 7
புத்தி கெட்டுப்போய், பழைய ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமலே வெல்டிங் வைத்தேன். வெள்ளைப் புகை, இலவம்பஞ்சு மாதிரி பறந்தது. திருவெறும்பூரில் வெல்டிங் படித்தபோது முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். இரவு ஏழு மணிக்கு நடுக்கம், நாக்கில் ஒரு மாதிரி தித்திப்பு. இந்த வெக்கையில் இரண்டு போர்வை. பக்கத்து அறை அண்ணன் பால் காய்ச்சிக் கொடுத்தார். துத்தநாகக் காய்ச்சலுக்குப் பால் ஒன்றும் செய்யாது, குடித்தேன்.

பிப்ரவரி 8
காய்ச்சல் விட்டது. அத்தை போன் எடுக்கவில்லை. இங்கே ஒன்பதரை என்றால் அங்கே பதினொன்று. தூங்கியிருப்பார்கள்.

பிப்ரவரி 9
டாக்டர் சொன்ன தேதி இன்றுதான். ஒன்றுமில்லை.

பிப்ரவரி 10
அளவு பார்க்க லாயத்துக்குப் போனேன். ஒரு பழுப்புப் பெட்டை, மேலுதட்டை விரல் மாதிரி நீட்டித் தாழ்ப்பாள் பிடியைத் தூக்கியது. பக்கவாட்டில் தள்ளியது. வரவில்லை. ஒரு பெருமூச்சு, மறுபடி தூக்கியது. ஐந்தாம் தடவை திறந்துகொண்டது. வெளியே வரக்கூட இல்லை, என்னைப் பார்த்தது. கதவின் அடியில், காலால் தள்ளிவிடுகிற இன்னொரு தாழ் வைக்கப்போகிறேன், அங்கே வாய் எட்டாது. மேல் தாழின் பிடியையும் முனையில்லாமல் மழுக்க வேண்டும், அதில் தலைக்கயிறு மாட்டினால் குதிரை மிரண்டு இழுக்கும்.

பிப்ரவரி 11
காவடி, விடுமுறை. கோர் தெ கார்ட் மலையடிக் கோயில். பக்கத்தில் நின்ற பெரியவர் திருப்புகழை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடினார். "சாப்பிட்டீங்களா ஐயா" என்றதற்குக் இந்தத் தீவின் கிரியோல் மொழியில் ஏதோ சொன்னார். பத்து நாள் நானும் விரதம். எதற்கென்று எழுத மாட்டேன்.

பிப்ரவரி 13
துருப்பிடிக்காமல் பூச்சு ஏற்ற, எட்டும் உருக்கிய துத்தநாகத் தொட்டிக்குப் போய்விட்டன. லாரி திரும்பியதும் வயிற்றில் ஒரு பிசை. எட்டாம் கதவின் கீழ்ச்சட்டத்தில் துளை போட்டேனா? இரண்டு முனையும் அடைத்த பைப். காற்று போக வழியில்லாமல் 450 டிகிரித் தொட்டியில் இறங்கினால் வெடிக்கும், தொட்டியோரம் ஆள் நிற்பான். ஏழுக்குப் போட்டது கண்ணில் நிற்கிறது, துளைபோடும் பிட்டைக்கூட மாற்றினேன். மாற்றிய பிறகு போட்டேனா? சாப்பிடக் கூப்பிட்டார்களே, அதற்கு முன்னா, பின்னா? தொட்டி ஆளுக்குப் போன் செய்தேன். காலையில்தான் இறக்குவார்களாம், பார்த்துச் சொல்கிறேன் என்றார். சரி. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 14
நாலு மணி பத்து நிமிடம். போன். எட்டாம் கதவு என்றுதான் எடுத்தேன். அத்தை.