ஊசி ஏறாத மாருதி 800: தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், புளியரை ஏற்றம்

தென்காசிப் பக்கம் கேரளா போகிற மலைச்சாலையில் புளியரை எஸ் வளைவை ஏறி முடித்தாயிற்று. முன்னால் கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள், பின்னால் ஹாரன் அடிக்கிற பஸ், நடுவில் ஏசி போட்டபடி ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்துகொண்டு நம்முடைய 1998 மாடல் மாருதி 800. சூடு காட்டும் ஊசி பாதிக்குக் கீழேயே நின்றது. வாங்கின புதிதில் இதே ஏற்றத்தில், ஏசி இல்லாமலேயே, பாதி தூரத்தில் சிவப்பைத் தொட்ட வண்டி இது. பார்த்த மெக்கானிக் எல்லாரும் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஹெட்டைத் தொடாமலேயே சரி செய்திருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

வண்டி திசையன்விளைப் பக்கம் வாங்கியது. ஓட்டிப் பார்க்க நாங்குநேரி வரை நாலுவழிச் சாலையில் கொண்டுபோனேன். நல்ல சித்திரை வெயில். ஊசி குளிரைக் காட்டும் சி எழுத்துக்குக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே படுத்துக்கொண்டது. "பாத்தீயளா அண்ணாச்சி, எவ்வளவு ஓட்டினாலும் சூடே ஆகாது" என்று விற்றவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அங்கேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. விலையைக் குறைத்துக் கேட்க அதுவே கைகொடுத்தது.

பழைய கார் வாங்குகிறவர்கள் சூடாகிற வண்டியைத்தான் பயந்து பார்ப்பார்கள். ஊசி ஏறவே ஏறாத வண்டியையும் அதே அளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எஞ்சின் 80, 90 டிகிரிக்குப் பக்கத்தில் ஓட வேண்டிய பொருள். அந்தச் சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை, அதைக் குளிர வைக்கும் ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. நம் ஊர்ப் பக்கம் பல பட்டறைகளில் அதைத் தேவையில்லாத உறுப்பாக நினைக்கிறார்கள். "அதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு உள்ளது அண்ணாச்சி, நம்ம வெயிலுக்கு எதுக்கு? கழத்திப் போட்ருவோம்" என்பார்கள். கழற்றினால் ஓட்டுகிறவருக்கு உடனே நிம்மதி. சமதரையில் காற்று அடிக்கிற வேகத்தில் போகும்போது, பாதி அடைத்த ரேடியேட்டர்கூட வண்டியைக் குளிர வைத்துவிடும், ஊசி கீழேயே கிடக்கும். வண்டி மெதுவாகப் போய் எஞ்சின் மட்டும் முக்க வேண்டிய ஏற்றம் வந்தால் அப்போது தெரியும் சேதி. அதுவரை எஞ்சின் குளிர்ந்தே ஓடி பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கும், ஆயிலும் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி என்று தெரிந்தால், அதை ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பின்னால் ஒரு சோர்ந்த ரேடியேட்டர் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். "நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்திருங்கள். ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம். தெர்மோஸ்டாட் இருந்தால் ஹோஸ் சில நிமிடம் பச்சென்று குளிர்ந்தே இருந்து, திடீரென்று சூடேறும். இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். என் வண்டியில் இரண்டாவது சங்கதிதான்.

கோளாறு ஹெட் கேஸ்கட்டில் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள பேக்கிங்) இல்லை என்று எப்படி முடிவு செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: ஆயில் மூடிக்குள் வெளுத்த குழைவு இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்கவில்லை. குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரவில்லை. மூன்று பிளக்கும் ஒரே நிறம். இவ்வளவும் சரியாக இருக்கும்போது ஹெட்டைக் கழற்றுவது வீண் செலவு. கழற்றினால் அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவி ஃபேசிங் பிடிக்கச் சொல்வார்கள், வால்வு பார்க்கச் சொல்வார்கள், கடைசியில் ரேடியேட்டர் அப்படியேதான் இருக்கும்.

இனி தெர்மோஸ்டாட் மூடியில் இறுகிக் கிடந்த ஒரு போல்ட்டின் கதை. இன்லெட் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற குழாய்) தெர்மோஸ்டாட் மூடியைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். ஒன்று சொன்ன பேச்சுக் கேட்டு வந்துவிட்டது. மற்றது அசையவில்லை. மேனிஃபோல்ட் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் போனால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும். அந்தத் தூள் மரைக்குள் ஊதி போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் இது சாதாரணம். இங்கே பலத்தைக் காட்டினால் போல்ட் தலை கையோடு வரும், மிச்சம் உள்ளே நிற்கும். அப்புறம் மேனிஃபோல்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்குத் தூக்க வேண்டியதுதான்.

நான் செய்த விதத்தை முழுசாகவே சொல்கிறேன். முதலில் கம்பி பிரஷ் போட்டு போல்ட் தலையைச் சுற்றி இருந்த தூளைச் சுத்தமாக எடுத்தேன். துருவை இளக்கும் எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலையில் எஞ்சினைக் கை பொறுக்கிற சூட்டுக்கு ஓட்டி நிறுத்தினேன். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும் என்பதால் அந்த வெதுவெதுப்பே பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். அப்புறம் சின்னச் சுத்தியலால் போல்ட் தலையில் நேராக, ஓங்காமல், டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தேன். எண்ணெய் மரைக்குள் இறங்குவதற்கு இந்தத் தட்டு மிக முக்கியம். பலபேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பானரும் முக்கியம். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானர் வேண்டாம், ஆறு முனை பாக்ஸ்தான். பன்னிரண்டு முனை ஓரங்களை மட்டும் பிடிக்கும், தலையை உருட்டிவிடும். கைப்பிடியும் நீளமாக வேண்டாம், கையின் பலம் அளவாக இருக்க வேண்டும். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை கொடுத்தேன். போல்ட் "டிக்" என்றது. அந்தச் சத்தம் கேட்டால் பாதி ஜெயம். சத்தமே இல்லாமல் ஸ்பானர் மட்டும் நெளிந்து கொடுத்துக்கொண்டு போகிறதா, உடனே நிறுத்திவிடுங்கள், போல்ட் முறுக்கிக்கொண்டு ஒடியப் போகிறது என்று அர்த்தம். டிக் கேட்ட பிறகு கால் சுற்றுக் கழற்றி, பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் கால் சுற்று. அவசரமே படக்கூடாது. வெளியே வந்த போல்ட்டின் மரைப் பள்ளமெல்லாம் வெள்ளைத் தூள் கெட்டியாக அடைத்திருந்தது, கழுத்துப் பகுதி அரித்து மெலிந்திருந்தது. ஒரு பலசாலி கையில் இது ஒடிந்தே போயிருக்கும்.

மரை வெட்டும் டேப் கருவியை ஓட்டி மரையைச் சுத்தம் செய்து, புது போல்ட்டில் காப்பர் கிரீஸ் தடவிப் போட்டேன். மூடியைத் திறந்தபோது எதிர்பார்த்தபடியே உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. பேக்கிங்குக்குப் பதிலாக அனபாண்ட் பசையைப் பிதுக்கி அப்பியிருந்தார்கள். அதிகமாக அப்பினால் உள்பக்கம் பிதுங்கி நிற்பது பிய்ந்து தண்ணீரோடு போய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும். பேக்கிங் காகிதம் இருந்தால் அதுவே போதும்.

புதுத் தெர்மோஸ்டாட்டைப் போடுவதற்கு முன் சட்டியில் போட்டுச் சோதித்தே ஆக வேண்டும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், அடியில் படக்கூடாது. பக்கத்திலேயே தெர்மாமீட்டர். தட்டில் 82 என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டி வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் முதலில் வாங்கியது, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் கொஞ்சம்தான் திறந்தது. அதைப் போட்டிருந்தால் நானும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரிஜினல் பாகம் விற்கும் இடத்தில் ஆர்டர் சொல்லி வாங்கினேன். அது 82-ஐத் தாண்டியதும் உள்ளே இருக்கிற மெழுகு விரிந்து அழகாக வாய் திறந்தது. பொருத்தும்போது அதிலுள்ள சின்னக் காற்று வால்வு மேலே இருக்கும்படி வையுங்கள்.

என்னுடையது மாதிரி கார்புரேட்டர் 800-க்குப் பாகம் கிடைப்பது வரவரக் கஷ்டமாகிறது. 800 தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது, கார்புரேட்டர் மாடல் அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டது. ரப்பர், பேக்கிங், பிரேக் சாமான் எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. கதவுக் கைப்பிடி, டாஷ்போர்டு மாதிரி பழைய சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை போகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லிவிடுகிறேன்.

இனி ரேடியேட்டர். முதலில் வெளிப்பக்கம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கு முழுக்கச் சிவப்பு மண். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டு மண்ணேதான். ஆனி ஆடிக் காற்றில் பறக்கும் அந்த மண் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து ஃபின் என்கிற மெல்லிய தகடுகளுக்கு நடுவே சுவர் எழுப்பியிருந்தது. முன்னால் நின்று தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளேதான் போகும். ரேடியேட்டரை இறக்கிவிட்டு எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைவாக அடிக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் எல்லாம் மடங்கிவிடும்.

உள்பக்கம் அதைவிட மோசம். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வருடக்கணக்கில் அதைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். திருநெல்வேலி டவுனில் ஒரு பழைய ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இதில் இருப்பது பித்தளை ரேடியேட்டர், அதனால் ஈயத்தை உருக்கித் தொட்டியைப் பிரித்துக் குழாய் குழாயாக ராடு (அடைப்பைக் குத்தி எடுக்கும் கம்பி) விட முடிந்தது. பட்டறைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணியா ஊத்திருக்கான்? உப்பளத்தையில்லா ஊத்திருக்கான்!" என்றார். இட்லிப் பானை அடியில் படிகிற வெள்ளைப் பாறை, அதேதான் ஒவ்வொரு குழாய் வாயிலும். சில குழாயில் ராடு நுழையவே இடமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூடு பட்டால் படிந்துவிடும், அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது தடித்துக்கொண்டேதான் போகும்.

சில இடங்களில் ராடு விடச் சோம்பல்பட்டு, கக்கூஸ் கழுவுகிற ஆசிடை ஊற்றி எஞ்சினை ஓட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். உப்பை மட்டும் தின்னாது அது, அலுமினிய ஹெட்டையும் தின்னும். எஞ்சினுக்குள் இருந்த லேசான படிவுக்கு நான் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓட்டி, நல்ல தண்ணீரில் தெளிவாக வரும்வரை அலசினேன். அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி உள்ள ரேடியேட்டர் என்றால் ராடு வேலையே வேண்டாம், புதிதாக மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியும் புதிது. அது தாங்கும் அழுத்தம் 0.9 என்று அடித்திருக்கும். அந்த அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் 100-ல் கொதிக்காமல் 118 டிகிரி வாக்கில் போய்க் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடியை வைத்துக்கொண்டு வேறு எதைச் சரி செய்தும் பிரயோஜனம் இல்லை.

கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. பேட்டரிக் கடையில் கேன் கேனாகக் கிடைக்கிற தண்ணீர்தான். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றமான இடத்தில் நிறுத்தி, ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் தள்ளி, மெதுவாக ஊற்றினேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று கீழே இறங்கும், அப்போது மறுபடி ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று மாட்டிக்கொண்டால் சென்சார் காற்றில் நின்றுகொண்டு பொய் சொல்லும்.

இந்த வயது வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி. (பதிவுச் சான்று) எந்தத் தேதி வரை என்று முதலில் பாருங்கள். 15 வருடத்துக்கு மேல் ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிப்பார்கள். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். என்னுடையது 2028 வரை இருக்கிறது. பேர் மாற்ற 29, 30 ஃபாரம் இரண்டிலும் விற்றவர் கையெழுத்தைப் பணம் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

கூலிங் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. கீழ் ஹோஸ் பழசு, கையால் அமுக்கினால் மொறுமொறுக்கிறது, கிளிப்பும் துருப்பிடித்தது. ரிசர்வ் டேங்க் மஞ்சளாகி மட்டமே தெரியவில்லை. அதற்குள் பேட்டரியை இறக்கிப் பார்த்ததில் தட்டுக்குக் கீழே தகரம் உப்புக் காற்றில் அரித்திருக்கிறது. காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன், இடது பக்கக் கதவடிச் சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை, பட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். பட்டியைச் சுரண்டி எடுத்து, புதுத் தகரம் வெட்டி வெல்டிங் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் தரையையும் பார்த்துவிட வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் மெல்லிய தகரத்தை ஓட்டை விழாமல் வெல்டிங் வைக்கிற ஆள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.