கங்கையில் ஆறு நாள்

மார்ச் 12, 2024, செவ்வாய், தபோவன்

மதியம் ரிஷிகேஷ் வந்து சேர்ந்தோம். அக்கா, மாமா, பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா பையன், நான். தபோவன் தெரு முழுக்க ராஃப்டிங் கடைதான், அதாவது ரப்பர் படகில் துடுப்பு போட்டு ஆற்றோட்டத்தில் இறங்கி வரக் கூட்டிப்போகிறவர்கள், ஜீப் கூரைமேல் ரப்பர் படகைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு வண்டிகள் மலைப்பாதையில் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

முதலில் நுழைந்த கடையில், ஆற்றின் மேல்பக்கம் மரைன் டிரைவ் என்ற இடத்திலிருந்து கிளம்பும் சுமார் 25 கிலோமீட்டர் பயணத்துக்கே நாலு பேரையும் எழுதிவிடப் பார்த்தார்கள். நீச்சல் தெரியுமா, நெஞ்சு வலி, ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. பவானி கூடுதுறைக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தும் எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளை ஆற்றில் இறங்கவிட்டதில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது கடைக்காரர் முதல் கேள்வியாகவே நீச்சலைத்தான் கேட்டார். அங்கேயே பணம் கட்டினோம்.

மார்ச் 13, புதன்

இன்று பிரம்மபுரி. ரிஷிகேஷுக்கு மேலே ஒன்பது, பத்து கிலோமீட்டர்தான், முதல்முறை வருபவர்களுக்கான தூரம்.

படகைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன்னால் கைடு மணலில் வைத்து அரைமணி நேரம் பேசினார். கர்வாலிப் பையன், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காதுவரை ஏறினால் பெல்ட் லூஸ் என்று அர்த்தம், தண்ணீரில் அது உங்களை விட்டுவிட்டு மேலே போய்விடும். துடுப்பின் நுனியில் இருக்கும் டி வடிவப் பிடியை உள்ளங்கையால் மூடியே இருக்க வேண்டும், விட்டால் அடுத்தவர் பல் போகும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் இரண்டையும் நீரோட்டம் போகும் திசையில் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மிதக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீரே ஆளை அமுக்கிவிடும் என்று அவர் சொன்னபோது, முழங்கால் அளவுத் தண்ணீரில் ஊரில் போன உயிர்களை நினைத்துக்கொண்டேன்.

ஒகேனக்கல் பரிசலில் நாம் சும்மா உட்கார்ந்திருப்போம், பரிசல்காரர் பார்த்துக்கொள்வார். இங்கே துடுப்பு போடுவது நாம்தான். "ஃபார்வர்ட்!" என்றால் படகிலிருக்கும் ஆறு பேரும் சேர்ந்து போட வேண்டும், ஏனென்றால் படகு தண்ணீரைவிட வேகமாகப் போனால்தான் பின்னாலிருக்கும் கைடின் திருப்பலுக்குக் கட்டுப்படும். "டபுள் டிரபிள்" என்ற அலையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு துடுப்பு போட்டாள், ஆனால் நிறுத்தவில்லை. கரையில் இறங்கியதும் என் கையைப் பிடித்து, "நாளைக்கு நீங்க மேல இருந்து வாங்க கண்ணு, எனக்கு இது போதும்" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

மார்ச் 14, வியாழன்

சிவபுரி, 16 கிலோமீட்டர். மாமா, பையன், நான். தண்ணீர் நுரைத்துப் பாயும் வேகச்சரிவுகளுக்கு 1 முதல் 6 வரை தரம் வைத்திருக்கிறார்கள். 1 சலசலப்பு, 6 கிட்டத்தட்ட போகவே கூடாதது. நீர்மட்டம் மாறினால் தரமும் மாறும், அதனால்தான் ஜூலை, ஆகஸ்ட் மழையில் ராஃப்டிங்கையே நிறுத்திவிடுகிறார்கள்.

"ரோலர் கோஸ்டர்" மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. மூன்றாவது அலையில் நான் தண்ணீருக்குள் போய்விட்டேன். காதுக்குள் ஒரே இரைச்சல், பனி உருகி வந்த தண்ணீர் நெஞ்சைப் பிடித்ததில் மூச்சை உள்ளே இழுக்கவே முடியவில்லை. கால் தானாகத் தரையைத் தேடியது. மணலில் கேட்டது அப்போது ஞாபகம் வந்து காலைத் தூக்கினேன். விழுந்தவர்களைத் தூக்க கயாக் என்ற சின்ன ஒற்றையாள் படகில் கூட வந்த சேஃப்டி கயாக்காரர் எங்கிருந்தோ பக்கத்தில் வந்து அதன் முன்நுனியைக் காட்டினார், பிடித்துக்கொண்டேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த அரைமணிப் பேச்சைச் சுருக்குகிற எந்தக் கடையோடும் யாரும் போகாதீர்கள்.

மார்ச் 15, வெள்ளி

மாமாவும் பையனும் கோயில் பார்க்கப் போனார்கள், நான் கயாக் வகுப்புக்கு. ஓட்டம் இல்லாத ஒரு மடுவில்தான் முதல் நாள் முழுக்க.

கயாக்கில் ஏறி உட்கார்ந்ததும் இடுப்பைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட்டை மாட்டி படகின் வாயை மூடிவிடுகிறார்கள். அப்புறம் முதல் பாடமே கவிழ்வது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு படகின் அடியை மூன்று தரம் தட்ட வேண்டும், பிறகு விளிம்போடு கையை ஓட்டி முன்னால் இருக்கும் வாரைத் தேடிப் பிடித்து முன்பக்கமாக இழுத்தால் ஸ்கர்ட் கழன்றுவிடும், வெளியே வரலாம். தட்டுவது எதற்கென்றால் பதற்றத்தை அடக்கத்தான். முதல்முறை தட்டவில்லை, மூக்கெல்லாம் தண்ணீர். நான்காவது முறை தட்டிவிட்டு, கண்ணைத் திறந்து பச்சைத் தண்ணீரைப் பார்த்தேன். அப்படி ஓர் அமைதி.

மார்ச் 16, சனி

ரோல், அதாவது கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது, வரவில்லை. இடுப்பைச் சட்டென வெட்டித் திருப்பிப் படகை நிமிர்த்திவிட்டுத் தலையைக் கடைசியாகத்தான் தூக்க வேண்டும், உடம்போ மூச்சுக்கு முதலில் தலையைத் தூக்குகிறது, உடனே படகு மறுபடி கவிழ்கிறது. பதினோரு முயற்சி, ஒன்றுகூட வரவில்லை.

ஆனால் எடி புரிந்துவிட்டது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி ஓடும், ஆற்றுக்குள் ஒதுங்கி நிற்கக் கிடைக்கிற இடம் அது. எங்கள் அப்பா, "சுழியோட மல்லுக்கட்டாதே, அது விடற பக்கம் போ" என்பார். அதேதான். இரண்டு ஓட்டமும் உரசுகிற கோட்டைத் தாண்டும்போது திரும்புகிற பக்கம் சாய்ந்தால் படகு வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, மறுபக்கம் சாய்ந்தால் அடுத்த நொடி தலைகீழ்.

நாளைக்கு இன்னும் மேலே இருக்கும் கௌடியாலாவிலிருந்து ராஃப்டில் போகலாமா, "தி வால்" என்ற வேகச்சரிவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது நான்காம் தரம். கைடு கொஞ்சம் யோசித்து, "பய்யா, நீங்கள் வரலாம், பையன் அடுத்த வருடம்" என்றார். எனக்கு அவனை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

மார்ச் 17, ஞாயிறு, தேவப்பிரயாகை

அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கை என்று பெயர் வாங்குகிற இடம். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுதான், அக்கா ஊரிலிருந்து கிளம்பும்போதே இங்கே குளிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். இழுப்பு பலமாக இருப்பதால் படித்துறையில் இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். அக்கா சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து மூன்று முழுக்குப் போட்டாள்.

நான் இரண்டு ஆறும் உரசுகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஓரத்தில் படகை எங்கே சாய்ப்பது, எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்குவது என்று கண் தானாகத் தேடியது. "என்னடா அப்படிப் பாக்கற?" என்று அக்கா கேட்டாள். பாறைக்குப் பின்னால் மேல்நோக்கி ஓடுகிற தண்ணீரைக் கைநீட்டிக் காட்டினேன். ஈரத்தலையைத் துவட்டாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊருக்குப் போனதும் தனக்கு நீச்சல் கற்றுத்தருவாயா என்று கேட்டாள்.